முழுப் பந்தயம் பார்த்தால்தான் ஷ்டிபாரைத் தெரியும்: ஒரு காணொளிக் காப்பகச் சேவையின் மதிப்பீடு

சைக்கிள் பந்தயங்களின் பழைய ஒளிபரப்புகளை வெட்டாமல், அன்று ஒளிபரப்பானபடியே வைத்திருக்கும் சந்தா சேவை ஒன்றை ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். அதன் குறைகள் சிலவற்றையும் இங்கே சொல்லப் போவதால் பெயரைத் தவிர்க்கிறேன். ஆயிரக்கணக்கான மணிநேரப் பதிவுகள் கொண்ட ஒரு காப்பகத்தை மேலோட்டமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு மதிப்பெண் போடுவது நியாயமாகாது என்று நினைத்ததால், ஒரே ஒரு வீரரை எடுத்துக்கொண்டு, அவருடைய இளமை முதல் ஓய்வு வரை இந்தச் சேவையில் எவ்வளவு தூரம் பின்தொடர முடிகிறது என்று பார்த்தேன். நான் தேர்ந்துகொண்டவர் செக் நாட்டைச் சேர்ந்த ஸ்டெனியெக் ஷ்டிபார்.

அவரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வெற்றிப் பட்டியலை வைத்து மட்டும் பார்த்தால் ஷ்டிபாரின் பெயர் அவர் காலத்துப் பெரிய சாலைப் பந்தய வீரர்களுக்குச் சற்றுக் கீழேதான் நிற்கும். கற்பாதைகளைக் கடந்து ஓடும் இரு பெரிய ஒருநாள் பந்தயங்களில், பிரான்ஸின் பாரிஸ்–ரூபேயில் இருமுறை இரண்டாம் இடம், பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் சுற்றில் வெற்றியே இல்லை. ஆனாலும் அவர் ஓய்வு பெற்றபோது செக் நாட்டில் மட்டுமின்றி பெல்ஜியத்திலும் மக்கள் அவரைத் தங்களில் ஒருவராகவே எண்ணி வழியனுப்பினார்கள். பட்டியலுக்கும் இந்த அன்புக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஐந்து நிமிடச் சுருக்கத் தொகுப்புகள் விளக்குவதில்லை. முழுப் பதிவுகள் விளக்க முடியுமா என்பதே என் சோதனையாக இருந்தது.

முதல் தடை தேடுபெட்டியிலேயே வந்தது. செக் மொழியில் அவருடைய குடும்பப் பெயரின் முதல் எழுத்துக்கு மேலே சிறிய கொக்கி போன்ற ஒரு குறி உண்டு. அதுதான் அந்த எழுத்தை 'ஸ' என்பதிலிருந்து 'ஷ' ஆக்குகிறது. அந்தக் குறியில்லாமல் தட்டினால் பதினொரு பதிவுகள் மட்டுமே வந்தன. செக் எழுத்துகளை வேறோர் இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டித் தேடியபோது அறுபதுக்கும் மேல் வந்தன. உலகெங்கும் உள்ள ரசிகர்கள் தங்கள் விசைப்பலகையில் இருக்கும் எழுத்துகளைக் கொண்டுதான் தேடுவார்கள் என்பதைக் காப்பகத்தை அமைத்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. இத்தனை உழைத்துச் சேர்த்த பதிவுகளில் பாதிக்கு மேல் ஒரு சிறு குறியின் பின்னே மறைந்து கிடப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

ஷ்டிபார் 1985 டிசம்பர் 11 அன்று, அப்போதைய செக்கோஸ்லோவாக்கியாவின் மேற்குப் பகுதியிலுள்ள பிளானா என்ற ஊரில் பிறந்தவர். சிறு வயதில் பிஎம்எக்ஸ் எனும் சிறிய பந்தய சைக்கிளில் தொடங்கி, பிறகு சைக்ளோ-கிராஸுக்கு வந்தார். பெயர் கேள்விப்படாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்: சைக்ளோ-கிராஸ் என்பது இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் சேறு, மணல், புல்மேடு, படிக்கட்டு, பலகைத் தடைகள் எல்லாம் கலந்த சுமார் மூன்று கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் ஏறத்தாழ ஒரு மணிநேரம் நடக்கும் பந்தயம். பார்ப்பதற்குச் சாலைப் பந்தய சைக்கிள் போலவே இருக்கும். சக்கரம் மட்டும் சற்றுத் தடித்தது. வீரர்கள் பலமுறை கீழே குதித்து, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஓடி, மறுபடியும் ஓடும் வேகத்திலேயே தாவி ஏற வேண்டும். வழுக்கும் சக்கரத்தை இடுப்பாலும் முழங்காலாலும் சரிசெய்துகொண்டே போவது இந்த விளையாட்டின் அடிப்படை.

இந்த விளையாட்டில் 23 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் பட்டத்தை 2005இல் ஜெர்மனியின் சாங்ட் வெண்டலிலும் 2006இல் நெதர்லாந்தின் செட்டாமிலும் அவர் வென்றார். பெரியவர்கள் பிரிவில் 2008இல் லார்ஸ் போமுக்கும் 2009இல் நீல்ஸ் ஆல்பர்ட்டுக்கும் பின்னால் இரண்டாம் இடம் பெற்றார். 2010 ஜனவரி 31 அன்று, சொந்த நாட்டின் தாபோர் நகரில், சொந்த மக்களின் முன்னால் உலகப் பட்டம் வென்றார். மறு ஆண்டு, இளைஞராகப் பட்டம் வென்ற அதே சாங்ட் வெண்டலில், பெல்ஜியத்தின் ஸ்வென் நெய்ஸை இரண்டாமிடத்துக்குத் தள்ளிப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.

சேவையின் பெருங்குறை இங்கேதான். 2010 தாபோர் பந்தயத்துக்கு அவர்களிடம் இருப்பது நான்கு நிமிடத் தொகுப்பு மட்டுமே. பனி மூடிய, உறைந்த தரையில் ஒரு மணிநேரம் நடந்த பந்தயத்தில், தொடக்கம், ஒரு தாக்குதல், கைகளை உயர்த்தும் காட்சி ஆகிய மூன்றையும் ஒட்டித் தந்திருக்கிறார்கள். ஐஸ் ஹாக்கியும் கால்பந்தும் கோலோச்சும் ஒரு நாட்டில், சைக்கிள் வீரர் ஒருவர் வீட்டுக்கு வீடு அறிந்த முகமாக மாறிய நாள் அது. அந்த ஒரு மணிநேரம் இல்லாத காப்பகம் அவருடைய கதையைப் பாதியிலிருந்துதான் தொடங்குகிறது. பழைய ஒளிபரப்பு உரிமைகளை வாங்குவது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். ஆயினும் சந்தா வாங்கும்போது 'முழு சைக்ளோ-கிராஸ் வரலாறு' என்று விளம்பரத்தில் எழுதியிருந்ததை நம்பித்தான் நான் பணம் கட்டினேன். சைக்ளோ-கிராஸுக்காக மட்டும் சேர நினைப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

சாலைப் பந்தயப் பகுதிக்கு வந்தவுடன் சேவை முற்றிலும் வேறாகிவிடுகிறது. 2011 வசந்தத்தில் ஷ்டிபார் பெல்ஜியத்தின் குவிக்-ஸ்டெப் அணியில் சேர்ந்தார். 2022 முடியும்வரை அங்கேயே இருந்தார். இந்தப் பன்னிரண்டு பருவங்களின் முக்கியப் பந்தயங்கள் ஏறக்குறைய எல்லாமே கிடைக்கின்றன. படத் தெளிவு நன்றாக இருக்கிறது. வர்ணனையை எந்த மொழியில் கேட்பது என்பதை நாமே தேர்ந்துகொள்ளலாம். பந்தயத்தில் எத்தனை கிலோமீட்டர் மிச்சம் என்ற அளவைக் கொண்டு ஓடவிடும் வசதி இருக்கிறது. 'மிச்சம் 20' என்று கொடுத்தால் அந்த இடத்துக்கே போய் நிற்கிறது. சைக்கிள் பந்தய ரசிகர்களின் மனக்கணக்கு நிமிடத்தில் ஓடாது, மிச்சக் கிலோமீட்டரில்தான் ஓடும். இதை அறிந்தவர் யாரோ அந்த வசதியைச் செய்திருக்கிறார். அவருக்கு என் நன்றி.

அந்த வசதியைக் கொண்டு நான் திரும்பத் திரும்பப் பார்த்தது 2013 பாரிஸ்–ரூபே. பந்தயம் முழுவதும் தொடக்கத்திலிருந்தே நேரலையாக வருவது 2016 முதல்தான். ஆகவே 2013இன் பதிவு நடுவிலிருந்து தொடங்குகிறது, அது சேவையின் குற்றமல்ல. கடைசிக் கட்டத்தில் முன்னணியில் நால்வர்: ஃபாபியன் கான்செலாரா, செப் வான்மார்க்கெ, ஷ்டிபார், அவருடைய அணித் தோழர் ஸ்டைன் வாண்டன்பெர்க். அதாவது நால்வரில் இருவர் குவிக்-ஸ்டெப் அணியினர். ஷ்டிபாருக்கு அது முதல் பாரிஸ்–ரூபே. 'கார்ஃபூர் த லாப்ர்' என்ற கற்பாதை வருகிறது; 2.1 கிலோமீட்டர் நீளம், கடினத்தில் மிக உயர்ந்த தரம். வயல்களுக்கு நடுவே, தலையளவு கற்கள் ஒழுங்கில்லாமல் துருத்தி நிற்கும் அந்தப் பாதையின் ஓரத்தில் மட்டும் சற்று வழுவழுப்பான மண்தடம் உண்டு. வீரர்கள் அந்தத் தடத்தையே தேடிப் போவார்கள். பார்வையாளர்களும் அந்த ஓரத்திலேயே நெருக்கியடித்து நிற்பார்கள்.

முதலில் வாண்டன்பெர்க் ஒரு பார்வையாளர் மீது மோதி விழுகிறார். சிறிது நேரத்தில் ஷ்டிபாரும் மோதுகிறார். சுருக்கத் தொகுப்பில் இது இரண்டு வினாடி. அவர் தடுமாறுவது தெரியும், அடுத்து கான்செலாரா தெரிவார். முழுப் பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். மோதிய வேகத்தில் கால் பெடலை விட்டுக் கழன்று வெளியே பறக்கிறது. முன்சக்கரம் கல்லில் திரும்புகிறது. வேறு எந்த வீரராக இருந்தாலும் அடுத்த நொடியில் தோள் தரையில் பட்டிருக்கும். ஷ்டிபாரோ உடலைப் பின்னுக்குச் சாய்த்து, கழன்ற காலை எடைக்கல்போல வெளியே நீட்டி, சைக்கிளைத் தன்போக்கில் ஆடவிட்டு, அது நேரானதும் மீண்டும் மிதிக்கத் தொடங்குகிறார். குளிர்காலச் சேற்றில் அவர் கற்ற வித்தை முழுவதும் அந்த ஒரு கணத்தில் இருந்தது. ஆனால் அதற்குள் இருவரும் முன்னே போய்விட்டார்கள். இடைவெளியை அவரால் மூட முடியவில்லை. கான்செலாரா வென்றார். ஷ்டிபாருக்கு ஆறாவது இடம்.

ஆறாவது இடம் எந்தப் பட்டியலிலும் தடித்த எழுத்தில் வராது. என் கணிப்பில், சாலைப் பந்தய ரசிகர்கள் அவரைத் தங்கள் மனத்தில் ஏற்றிக்கொண்டது அந்த நாளில்தான்.

அதே ஆண்டின் வேறு இரண்டு பதிவுகளும் நன்றாக உள்ளன. ஆகஸ்டில் பல நாள் பந்தயமான எனேகோ சுற்றை ஒட்டுமொத்தமாக வென்றார். சில வாரங்களில் ஸ்பெயின் சுற்றின் ஏழாவது கட்டத்தில், வானவில் சட்டையில் இருந்த உலகச் சாம்பியன் பிலிப் ஜில்பேரை இருவர் மட்டுமான பாய்ச்சலில் கோட்டருகே மயிரிழையில் முந்தினார். அந்த முடிவை வர்ணனையாளர்கள் உடனே உறுதிசெய்ய முடியாமல் தடுமாறுவதைக் கேட்பதே ஓர் அனுபவம்.

2014 பிப்ரவரியில் ஹோகர்ஹைடெயில் நடந்த சைக்ளோ-கிராஸ் உலகப் போட்டி, இந்தச் சேவையில் முழுமையாகக் கிடைக்கும் மிகச் சில சைக்ளோ-கிராஸ் பந்தயங்களில் ஒன்று. ஓர் இரவு இதற்கென ஒதுக்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். ஷ்டிபார் அப்போது முழுநேரச் சாலை வீரர். அந்தக் குளிர்காலத்தில் சேற்றுப் பந்தயங்களில் சிலவற்றில் மட்டுமே கலந்துகொண்டிருந்தார். எதிரே அந்த விளையாட்டின் தலைமகனான ஸ்வென் நெய்ஸ், நடப்புச் சாம்பியன். ஒரு மணிநேரம் இருவரும் மாறி மாறித் தாக்குகிறார்கள். ஒருவர் பத்து மீட்டர் விலகினால் மற்றவர் அடுத்த மேட்டில் ஒட்டிக்கொள்கிறார். கடைசியில் ஷ்டிபார் 12 விநாடி இடைவெளியில் மூன்றாவது பட்டத்தை வென்றார். சுருக்கத் தொகுப்பில் இது 'இறுதிச் சுற்றில் பிரிந்து முன்னே சென்றார்' என்ற ஒரே வரி. முழுப் பதிவில், நெய்ஸ் எந்தச் சுற்றிலிருந்து வளைவுகளில் அரைநொடி தயங்கத் தொடங்குகிறார், ஷ்டிபார் அதைக் கவனித்துவிட்டு எத்தனை நேரம் பொறுத்திருக்கிறார் என்பதெல்லாம் தெரிகிறது.

இந்தப் பந்தயத்தை ஒருமுறை ஆங்கில வர்ணனையிலும் மறுமுறை டச்சு வர்ணனையிலும் பார்த்தேன். டச்சு எனக்குப் புரியாது. இருந்தாலும் நெய்ஸின் நாட்டு வர்ணனையாளர்களின் குரலில் ஷ்டிபாரின் பெயர் எதிரியின் பெயராக ஒலிக்கவில்லை என்பது மொழி தெரியாதவருக்கும் புரியும். அவர் பெல்ஜியத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்து, டச்சு மொழியைக் கற்று, பந்தயம் முடிந்த மூச்சிரைப்பிலேயே அந்த மொழியில் நேர்காணல் கொடுப்பவர். ஃபிளெமிஷ் மக்கள், அதாவது டச்சு பேசும் பெல்ஜியர்கள், சைக்கிள் பந்தயத்தைத் தங்கள் ஊர்த் திருவிழாவாகக் கருதுபவர்கள். வெளியிலிருந்து வந்து அவர்கள் மொழியைப் பேசி, அவர்கள் சேற்றிலும் கற்களிலும் விழுந்து எழுந்தவரை அவர்கள் அயலாராக வைக்கவில்லை. பந்தயத்துக்குப் பிந்தைய நேர்காணல்களையும் இந்தச் சேவை வெட்டாமல் வைத்திருப்பதால்தான் இது எனக்குத் தெரியவந்தது. மற்ற சேவைகள் வெற்றிக்கோட்டோடு நிறுத்திவிடுகின்றன.

2015ஐப் பற்றி நிறையச் சொல்லலாம், ஏனென்றால் சாலையில் அவருடைய மிகச் சிறந்த ஆண்டு அது. மார்ச்சில் இத்தாலியின் ஸ்த்ராதெ பியாங்கெ: வெள்ளைச் சரளைப் பாதைகளைக் கடந்து, சியெனா நகரின் சாந்தா கத்தெரினா தெருவின் செங்குத்தான ஏற்றத்தில், முன்னால் தாக்கிய கிரெக் வான் அவர்மாட்டை எட்டிப் பிடித்துத் தாண்டி, காம்போ சதுக்கத்துக்குள் தனியாக இறங்கினார். மூன்றாவது அலெஹாந்த்ரோ வால்வெர்தெ. ஏப்ரலில் ரூபேயில் ஜான் டெகன்கோல்புக்குப் பின் இரண்டாமிடம்.

ஜூலையில் டூர் த ஃபிரான்ஸின் ஆறாவது கட்டம், லு ஹாவ்ர் நகரில் முடிந்தது. இங்கே முழுப் பதிவின் அருமை இன்னொரு விதத்தில் தெரிகிறது. கடைசி ஏற்றத்தில், இலக்குக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், ஒட்டுமொத்தப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையில் இருந்த டோனி மார்ட்டின் விழுகிறார்; அவர் ஷ்டிபாரின் அணித் தோழர். அந்தக் குழப்பத்தில் ஷ்டிபார் முன்னே பாய்ந்து, பீட்டர் சகானை இரண்டு விநாடி பின்னால் விட்டு வெல்கிறார். சுருக்கத் தொகுப்புகள் அவர் கைகளை உயர்த்துவதோடு முடிந்துவிடும். இந்தப் பதிவு தொடர்கிறது. சில நிமிடங்களுக்குப் பின், மார்ட்டின் ஒரு கையை மார்போடு அணைத்தபடி, தோழர்கள் முதுகில் கைவைத்துத் தள்ள, கோட்டைக் கடக்கிறார். காறையெலும்பு முறிந்துவிட்டது, மறுநாள் அவர் பந்தயத்தில் இல்லை. ஒரே அணி, ஒரே மாலை, வாழ்நாள் வெற்றியும் தலைவரின் விலகலும். வென்றவரின் முகத்தில் மகிழ்ச்சி எப்படிக் கரைகிறது என்பதைப் பார்த்த பிறகு, அந்த வெற்றிப் புகைப்படத்தை என்னால் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை.

இதே பதிவில் சேவையின் ஒரு தவற்றையும் குறிப்பிட வேண்டும். பதிவுக்கான முகப்புப் படத்தில் ஷ்டிபார் கைகளை விரித்து நிற்கிறார். யார் வென்றார் என்று அறியாமல் பார்க்க வருபவருக்கு இரண்டு மணிநேரத்தின் சுவையைப் படம் பறித்துவிடுகிறது. ஏறக்குறைய எல்லாப் பதிவுகளிலும் இதே நிலைதான். முகப்பில் பந்தயப் பாதையின் வரைபடத்தை வைத்தால் போதும். அமைப்புகளில் 'முடிவுகளை மறை' என்ற தேர்வு இருக்கிறது, ஆனால் அது எழுத்துகளை மட்டுமே மறைக்கிறது, படத்தை மறைப்பதில்லை. எழுதிக் கேட்டேன், எட்டு நாள் கழித்து வந்த பதில் என் கடவுச்சொல்லை எப்படி மாற்றுவது என்று விளக்கியது. வாடிக்கையாளர் உதவிக்கு நான் எந்த மதிப்பெண்ணும் தர இயலாது.

2017 பாரிஸ்–ரூபேயின் பதிவு முதல் கிலோமீட்டரிலிருந்து இருக்கிறது: 257 கிலோமீட்டர், 29 கற்பாதைகள், ஐந்தே முக்கால் மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவு. 1964இல் பீட்டர் போஸ்ட் நிறுவிய சராசரி வேகச் சாதனை அன்று முறிந்தது. நான் இதை மூன்று மாலைகளில் பிரித்துப் பார்த்தேன். எந்தக் கருவியில் நிறுத்தினாலும் இன்னொரு கருவியில் அதே இடத்திலிருந்து தொடர்ந்தது. அது டாம் போனனின் கடைசிப் பந்தயம். குவிக்-ஸ்டெப் அணி அவருக்காகவே வந்திருந்தது. ஷ்டிபார் முன்னணிக் குழுவில் இருக்கிறார், போனன் பின்னால் துரத்திக்கொண்டிருக்கிறார். ஆகவே ஷ்டிபார், முன்னால் போய்க் காற்றைத் தாங்கிக் குழுவின் வேகத்தைக் கூட்டாமல், மற்றவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகிறார். இதைத் துண்டாகப் பார்த்தால் சோம்பலாகத் தெரியும். முழுதாகப் பார்க்கும்போதுதான் அது விடைபெறும் தலைவருக்கான கடமை என்று விளங்குகிறது. போனனால் முன்னணியை எட்ட முடியவில்லை. பந்தயம் முடியும் வெலோட்ரோம் எனும் சைக்கிள் அரங்குக்குள் வந்த ஷ்டிபார் உள்ளிட்ட மூவரும் தயங்கியபோது பின்னாலிருந்து இருவர் வந்து சேர்ந்தார்கள். பாய்ச்சலில் வான் அவர்மாட் வென்றார், ஷ்டிபார் மறுபடியும் இரண்டாமிடம்.

2019க்கு வந்தால் மனம் ஆறுகிறது. மார்ச் தொடக்கத்தில் ஓம்லோப் ஹெட் நியூஸ்பிளாட் பந்தயத்தைத் தனியாக வென்றார். அந்த மாத இறுதியில் ஈ3 பந்தயத்தில் வவுட் வான் ஆர்ட்டையும் வான் அவர்மாட்டையும் பாய்ச்சலில் தோற்கடித்தார். 33 வயதில் ஃபிளெமிஷ் கற்சாலைகள் அவருக்குக் கடைசியில் இரண்டு கிண்ணங்களைத் தந்தன. அடுத்து வந்த ஆண்டுகள் எளிதாக இல்லை. 2021 வசந்தத்தில் இதயத்துடிப்புக் கோளாறுக்காகச் சிகிச்சை செய்துகொண்டு ஃபிளாண்டர்ஸ் சுற்றைத் தவறவிட்டார். 2023இல் ஜேகோ அல்உலா அணிக்கு மாறினார். இந்தக் காலத்துப் பதிவுகளும் உள்ளன, ஆனால் பெயரைத் தேடினால் அவர் கூட்டத்தின் நடுவில் சென்ற பந்தயங்களெல்லாம் குவிந்து வருகின்றன. எந்த கிலோமீட்டரில் அவர் திரையில் தெரிகிறார் என்ற குறிப்பு இருந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

கடைசிப் பதிவு 2024 பிப்ரவரியில் தாபோர் நகரில் நடந்த சைக்ளோ-கிராஸ் உலகப் போட்டி. மத்தியு வான் டெர் பூல் ஆறாவது பட்டம் வென்ற அந்தப் பந்தயத்தைத் தன் கடைசிப் பந்தயமாக ஷ்டிபார் தேர்ந்துகொண்டார். வயது 38. நேரலைக் கேமரா பெரும்பாலும் முன்னணியையே காட்டுகிறது, அது இயல்புதான். ஆனால் ஒலியைக் கூட்டி வைத்துக் கேளுங்கள். திரையில் வான் டெர் பூல் தனியாகப் போய்க்கொண்டிருக்கும்போது, எங்கோ பாதையின் வேறொரு மூலையிலிருந்து திடீரென்று ஆரவாரம் எழும்பி, சுற்றுப்பாதை நெடுகிலும் நகர்ந்து வரும். திரையில் இல்லாத ஒருவர் போகும் வழியை அந்தச் சத்தத்தைக் கொண்டே பின்தொடரலாம்.

ஆண்டுச் சந்தாவை நான் புதுப்பித்துவிட்டேன். சாலைப் பந்தயங்களுக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். சைக்ளோ-கிராஸுக்கு மட்டும் என்றால் பழைய பதிவுகள் சேரும்வரை பொறுத்திருங்கள். ஒரு மாதச் சந்தா மட்டும் எடுப்பவர்கள் 2014 ஹோகர்ஹைடெயில் தொடங்கி, பின்னால் சென்று 2013 ரூபேயைப் பார்த்து, அதன்பின் 2015 சியெனா, லு ஹாவ்ர் என்று வாருங்கள். தேடும்போது பெயரின் முதல் எழுத்தில் அந்தக் கொக்கிக் குறியைச் சேர்க்க மறக்காதீர்கள்.